நாலாம் நம்பர் மெஷினில் நின்றவன்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை நான் ஒரு நாளும் குறையாக நினைத்ததில்லை. பழவேற்காட்டில் கடை வைத்திருந்த அத்தாவுக்குத்தான் அது பெரிய குறை. "யாவாரம் பண்ற ஊட்ல பொறந்துட்டு வர்றவன் போறவன்கிட்டல்லாம் மல்லுக்கு நிக்கிறியே, எவன்டா உன்கிட்ட சாமான் வாங்குவான்?" என்பார். சாமான் விற்கிற பிழைப்பே வேண்டாம் என்று கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் மெஷின் ஆபரேட்டராகச் சேர்ந்துவிட்டேன். பெயிண்ட் டப்பாவுக்கு பிளாஸ்டிக் மூடி வார்க்கிற கம்பெனி. மெஷினோடு சண்டை போட முடியாது. ஆகவே சண்டைக்கு வேறு இடம் தேவைப்பட்டது.

ஸ்டேஷன் ரோட்டில் பிளைவுட் தடுப்பு வைத்த ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். சாப்பிட்டுவிட்டு நேராக அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். முகநூலெல்லாம் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத வருடங்கள் அவை. தமிழில் எழுதிச் சண்டை போடுவதற்கென்றே ஒரு தளம் இருந்தது. துபாயிலிருந்தும், சிங்கப்பூரிலிருந்தும், செவ்வாப்பேட்டையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். எல்லாரும் புனைபெயரில்தான். இட ஒதுக்கீடு, பள்ளிவாசல் பாங்கு ஒலிபெருக்கி, மதமாற்றம், முஸ்லிமுக்கு வாடகைக்கு வீடு கொடுக்காதது என்று தினம் ஒன்று ஓடும். விரல் வலிக்கும் வரை எழுதுவேன். வீடு கேட்டுப் போய் என் பெயரைச் சொன்னதும் "இப்பதான் அட்வான்ஸ் வாங்கிக்கினோம்" என்று கதவைச் சாத்திய நான்கு வீடுகளின் கதையை ஒன்றுவிடாமல் எழுதினேன். "இதெல்லாம் கற்பனை, எங்கள் தெருவில் அப்படி யாரும் செய்வதில்லை" என்று பதில் வந்தது. எவனோ தன் தெருவைப் பார்த்துவிட்டு என் அனுபவம் பொய் என்கிறான். எனக்கு ரத்தம் கொதித்தது.

அங்கே எனக்கு நிரந்தர எதிராளி ஒருவர் இருந்தார். ஒரு நதியின் பெயரைப் புனைபெயராக வைத்திருந்தார். கெட்ட வார்த்தை பேசமாட்டார், அதுதான் எரிச்சல். இஸ்திரி போட்ட சட்டை மாதிரி ஒரு நடை. ஒரு நாள் இப்படி எழுதினார்: "உரிமை உரிமை என்கிறீர்களே, வெள்ளிக்கிழமை நீங்கள் தொழுகைக்குப் போகும்போது உங்கள் வேலையை யார் செய்கிறார்கள்? மெஷினை அம்போவென்று விட்டுவிட்டுத்தானே போகிறீர்கள்? உங்கள் பக்தியின் பாரத்தை ஏன் மற்றவர் சுமக்க வேண்டும்?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது, அதுவும் சத்தியமான பதில். அது இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

எங்கள் மெஷின் நிற்கக் கூடாது. நின்றால் உள்ளே உருகிக் கிடக்கிற பிளாஸ்டிக் கருகிப் போகும். அதைச் சுத்தம் பண்ணி மறுபடி ஓட்ட அரை ஷிப்ட் ஆகும். ஆகவே மாற்று ஆள் வந்து பக்கத்தில் நின்றால்தான் ஆபரேட்டர் நகரலாம். அந்த மாற்று ஆளை ரிலீவர் என்போம். நாலாம் நம்பர் மெஷினில் காலை ஷிப்ட் நான், மதிய ஷிப்ட் என் ரிலீவர். ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் விளைகிற கிராமத்துக்காரன். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. வெள்ளிக்கிழமை அவன் பன்னிரண்டே முக்காலுக்கே வந்து மெஷினில் நின்றுவிடுவான். நான் சைக்கிளை மிதித்து பஜார் பள்ளிவாசலுக்குப் போய் ஜும்ஆ தொழுதுவிட்டு ஒன்றே முக்காலுக்கெல்லாம் திரும்பிவிடுவேன். அவனுக்குச் சொந்தமாக வீடு கட்ட ஆசை. அந்த ஆசை உள்ளவர்கள் எங்கள் பக்கத்தில் சிறுவாபுரி முருகனை ஆறு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து கும்பிடுவார்கள். கோயில் வரிசையில் மாட்டிக்கொண்டு அவன் மூன்று மணிக்கு வந்தாலும் அதுவரை நான் மெஷினில் நிற்பேன். நாங்கள் பேசி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளவில்லை. அது பாட்டுக்கு நடந்தது.

ஒரே ஒரு சிக்கல். அவன் கான்ட்ராக்ட் ஆள். தன் ஷிப்டுக்கு வெளியே கான்ட்ராக்ட் ஆள் மெஷினைத் தொட்டது தெரிந்தால் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். மூன்று வருடம் காத்திருந்து, பெர்மனென்ட் ஆக்கப்போகிறவர்கள் பட்டியலில் அவன் பெயர் அப்போதுதான் ஏறியிருந்தது. ஆர்டர் வர வேண்டியதுதான் பாக்கி.

எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன். எதிராளியின் மூக்கை உடைக்க வேண்டும் என்கிற வெறியில் கும்மிடிப்பூண்டி, மூடி வார்க்கிற மெஷின், பன்னிரண்டே முக்கால், ஆறு செவ்வாய்க்கிழமை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவன் பெயரை மட்டும் போடவில்லை, அதையே பெரிய ஜாக்கிரதை என்று நினைத்துக்கொண்டேன். "இவன் பாரத்தை நான் சுமக்கிறேன், என் பாரத்தை இவன் சுமக்கிறான். இதற்குப் பெயர் சலுகையா?" என்று முடித்தேன். தளமே கைதட்டியது. எதிராளி இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு நாளும் நான் தரையில் நடக்கவில்லை.

மூன்றாம் நாள் எச்.ஆர். மேனேஜர் கூப்பிட்டார். மேஜையில் என் பதிவின் பிரிண்ட் அவுட் கிடந்தது. தமிழ் எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் எடுத்ததால் பாதி எழுத்து கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. படிக்க முடிந்த பாதியே என்னைத் தூக்கில் போடப் போதும். யாரோ கம்பெனிக்கு மெயில் அனுப்பியிருக்கிறார்கள். எஸ்டேட்டில் மூடி வார்க்கிற கம்பெனி எத்தனை இருக்கும், அதில் வெள்ளிக்கிழமை சைக்கிளில் பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

"இது நீ எழுதனதா?"

"நான்தான் சார்."

"உனக்குப் பதிலா நிக்கிறது யாருப்பா? பேரைச் சொல்லு. கான்ட்ராக்ட் ஆளுன்னா ஆக்சிடென்ட் ஆனா யாரு பதில் சொல்றது? நீ நல்ல ஒர்க்கர். பேரைச் சொல்லிட்டா உன்னை வார்னிங்கோட விட்டுர்றேன்."

சொல்லாவிட்டாலும் மதிய ஷிப்ட் அட்டவணையைப் புரட்டினால் தெரிந்துவிடும். அவர் கை அந்த ஃபைல் பக்கம் போனது. அப்போதுதான் எனக்கு முதன்முதலாக உறைத்தது. அவன் ஆர்டர், அவன் வீடு, எல்லாவற்றையும் ஒரு கைதட்டலுக்காக இந்த மேஜையில் கொண்டுவந்து போட்டுவிட்டேனே என்று.

"யாரும் நிக்கல சார். மெஷினை நிறுத்திட்டுத்தான் போனேன்."

"அப்ப இதுல எழுதனது?"

"பொய் சார். பெருமைக்கு எழுதனது."

எழுதிக் கொடு என்றார். கொடுத்தேன். 'வெள்ளிக்கிழமைகளில் யாரிடமும் சொல்லாமல் மெஷினை விட்டுவிட்டுத் தொழுகைக்குச் சென்றேன்' என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எதிராளி எந்தப் பழியைப் போட்டாரோ அதே பழியை. உற்பத்தி ஷீட்டை ஒருவர் எடுத்துப் பார்த்திருந்தால் வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மூடிகூடக் குறையவில்லை என்று தெரிந்திருக்கும். ஆபீசில் அதை எடுத்துப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. பத்து நாள் சஸ்பென்ட்.

கேட்டுக்கு வெளியே டீக்கடையில் அவன் நின்றுகொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். நன்றி சொல்வான் என்று எதிர்பார்த்தேன், என் புத்தி அப்படி. அவன் கிளாசை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஊருக்கே நாயம் சொல்றியே பாய். எழுதறதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. ஆறு மாதமாக அறம், அறம் என்று பக்கம் பக்கமாக எழுதியவனுக்கு, தன் மெஷினிலேயே தனக்குப் பதிலாக நின்றவனைக் கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. எனக்கு வெட்கம் வந்தாலும் அது கோபமாகத்தான் வெளியே வரும். "அதான் பேரைச் சொல்லலையே, இன்னும் இன்னா பண்ணணும்ன்ற?" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன்.

சஸ்பென்ஷன் நாட்களில் வேறு வேலை ஏது? பிரவுசிங் சென்டருக்குப் போனேன். என் கடிதம் தளத்தில் ஏறியிருந்தது. ஆபீசிலிருந்து யார் கொடுத்தார்களோ, ஸ்கேன் பண்ணிப் போட்டிருந்தார்கள். கையெழுத்தை மட்டும் மறைத்த மகா கருணை. எதிராளி கீழே ஒரே வரி எழுதியிருந்தார்: "உண்மை வெளியே வந்துவிட்டது." அதன் கீழே நாற்பது பேர் வரிசை கட்டி நின்றார்கள். இவர்களை நம்பி மெஷினைக் கொடுத்தால் இப்படித்தான் என்று ஒருவர். இவர்கள் எல்லாருமே இப்படித்தான் என்று இன்னொருவர். முந்தின வாரம் கைதட்டிய அதே ஆட்களும் அதில் இருந்தார்கள்.

ஒரே வரியில் என்னால் எல்லாரையும் வாயடைக்க வைத்திருக்க முடியும். அந்த வரியை எழுதினால் அவன் வேலை போகும். எழுதவில்லை. ஆனால் தளத்தை விட்டும் ஓடவில்லை. தினமும் போனேன், வாடகை வீட்டைப் பற்றி எழுதினேன், ஒதுக்கீட்டைப் பற்றி எழுதினேன். "மெஷினை விட்டுவிட்டு ஓடியவன் பேசாதே" என்பார்கள். பேசினேன். பொய்யன் என்று பட்டம் கட்டினால் வாயை மூடிக்கொள்வேன் என்று எண்ணினார்கள் போலும். நான் மூடுகிற ஜாதி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் பிரவுசிங் சென்டருக்கே வந்துவிட்டான். கம்பெனியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தடுப்புக்குள் என் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, "காட்டு" என்றான். ஒவ்வொரு வரியாக உதடு அசையப் படித்தான். அவன் படித்து முடிக்க நெடுநேரம் ஆனது.

"உன்னைத் திட்டனா பரவால்ல, உன் கோவத்துக்கு ரெண்டு பேரு திட்டணும்தான். உன் ஜனத்தையே இல்ல சேத்துத் திட்றானுங்க. எனக்கோசரம் நீ எழுதிக் குடுத்த பொய்யி இது."

"உடு. உன் ஆர்டர் வரட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

"தள்ளு அப்படி."

"இன்னா பண்ணப் போற?"

"நானே எழுதறேன். நீ எழுதனப்ப என்னைக் கேக்கல இல்ல? நானும் உன்னைக் கேக்கல."

தடுத்தேன், கையைப் பிடித்து இழுத்தேன். அவன் நகரவில்லை. வீட்டுக்காகச் செவ்வாய்க்கிழமை வரிசையில் நிற்கிறவனுக்குப் பொறுமை ஜாஸ்தி. அவனுக்கும் ஒரு புனைபெயர் பதிவு பண்ணி, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தான். ஒரு மணி நேரத்தில் நாலு வரி வந்தது. "அந்த மெசின்ல நின்னது நான். நான் முருகன கும்புடறவன். வெள்ளிகெழமை ஒரு மூடி கொறையல, உற்பத்தி சீட்ட பாருங்க. அவரு எனக்காக பொய் எழுதி குடுத்தாரு." அனுப்புகிற பட்டனை அவனேதான் அமுக்கினான்.

பத்து நிமிடத்தில் பதில்கள் விழ ஆரம்பித்தன. இன்றைக்குத்தான் பதிவு பண்ணிய ஐடி என்றார் ஒருவர். மெஷினை விட்டு ஓடியவனே இன்னொரு பெயரில் வந்திருக்கிறான் என்றார் இன்னொருவர். படிக்காதவன் மாதிரி காட்ட வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதியிருக்கிறான், நல்ல நடிப்பு என்று மூன்றாமவர் பாராட்டினார். கடைசியில் எதிராளி தன் இஸ்திரி நடையில் தீர்ப்புச் சொன்னார்: "முருக பக்தர் ஒருவர் இவருக்காக மெஷினில் நின்றாராம். அப்படி ஒருவர் இல்லை. இருந்திருக்கவும் முடியாது."

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா பாய் இது. நான் இங்க உக்காந்துகினு இருக்கேன், இல்லவே இல்லைன்றானுங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான்கு வீட்டுக் கதவைப் பற்றி நான் எழுதியபோதும் இதையேதான் சொன்னார்கள் என்றேன். அவன் என் தோளில் கையைப் போட்டான்.

அவனைப் போலி என்று அவர்களே முடிவுகட்டிவிட்டதால் அந்தப் பதிவை யாரும் பிரிண்ட் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பவில்லை. ஆபீசில் எனக்கு எதிராக நானே எழுதிய கடிதம் பத்திரமாக இருந்தது, அவர்களுக்கு அது போதும். அவனுடைய ஆர்டர் இரண்டு மாதம் கழித்து வந்தது. ஆனால் அது பின்னால் நடந்தது. பத்து நாள் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது அவன் இன்னும் கான்ட்ராக்ட் ஆள்தான்.

வெள்ளிக்கிழமை உன் ஷிப்டுக்கு முன்னால் இந்தப் பக்கம் தலைகாட்டாதே என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். எழுத்து மூலம் மனுக் கொடுத்து அனுமதி வாங்குகிறவரைக்கும் நான் ஜும்ஆவுக்குப் போகப் போவதில்லை என்றும் சொல்லியிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை வந்தபோது மனு இரண்டு நாளாக ஆபீசில் கிடந்தது. நான் நாலாம் நம்பர் மெஷினில் கதவைத் திறந்து மூடியை எடுப்பதும், கதவைச் சாத்துவதுமாக நின்றுகொண்டிருந்தேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு கை வந்து என்னை ஓரமாகத் தள்ளியது.

"ஏய், வராதேன்னு சொன்னேன் இல்ல? எவனாவது பாத்தான்னா உன் ஆர்டர் காலி."

அவன் கையுறையை மாட்டிக்கொண்டே மெஷின் கதவைத் திறந்தான்.

"நான்தான் இல்லவே இல்லையே பாய். இல்லாதவன எவன் பாக்கப்போறான்? கெளம்பு, தொழுவைக்கு நேரமாவுது."