தண்ணீரில் தொங்கிய காப்பு

அக்கா மகனுக்குக் காது குத்து. அம்மா அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் மிச்சம் நான் ஒருவன்தான். தாய்மாமன் சீர் கொஞ்சம் இளைத்தாலும் விருத்தாசலத்தில், புகுந்த வீட்டில், அக்காதான் பேச்சுக் கேட்க வேண்டும். அதனால் ஒரு ஜோடி தங்கக் காப்பு வாங்கிக்கொண்டு கம்மாபுரத்தில் பஸ் ஏறினேன். மேலே மெல்லிய தங்கத் தகடு, உள்ளே முழுக்க அரக்கு. பார்வைக்கு நல்ல தடிமன். தட்டில் வைத்ததும் ஒரு பெரியம்மா, "மாமன்காரன் அசத்திட்டான்டி!" என்றாள். நானும் வெட்கமில்லாமல் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா வீட்டுக்காரருக்குப் பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை. அச்சில் ஊற்றும் களிமண் கூழை ஒரே குவளையில் பிடித்து எடை போட்டுப் பார்ப்பார். தண்ணீர் கூடிப்போயிருந்தால் குவளையின் எடை குறையும். அதை அப்படியே ஊற்றினால் பொம்மை விரிசல் விடும். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. சோப்பு, தக்காளி எதையும் விடமாட்டார்.

அன்றும் காது குத்தி அழுத பிள்ளைக்கு வேடிக்கை காட்டத்தான் சின்ன எலெக்ட்ரானிக் தராசைக் கொண்டுவந்தார். அதன்மேல் தண்ணீர் டம்ளரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கினார். முன்பே எடை போட்ட பித்தளை மணியை நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டார்.

"இப்ப எவ்ளோ ஏறுதோ, அதால மணியோட எடைய வகுக்கணும். பாரு, எட்டரை! பித்தளைன்னா அவ்ளோதான் வரும்."

"அந்தக் காப்பையும் போடேன், தங்கம் எவ்ளோ வருதுன்னு பாப்போம்" என்றார் ஒரு சித்தப்பா.

"வேணாம் மாமா, நனைஞ்சிடும்" என்றேன். தங்கம் நனைந்தால் என்ன ஆகும்? எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு காப்பு பத்து கிராம். தண்ணீருக்குள் விட்டதும் தராசு இரண்டு காட்டியது.

"அஞ்சுதான் வருது. தங்கம்னா பதினேழுக்கு மேல வரணுமே? பித்தளைக்கே எட்டரை..." என்ற மாமா, பாதியில் என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப தங்கமே இல்லியா?" என்று யாரோ கேட்டார்கள்.

"தங்கந்தாங்க. உள்ள அரக்கு" என்றேன். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

அக்கா வந்து நின்றாள். கையிலிருந்த வளையல் ஒன்றைக் கழற்றி நீட்டினாள்.

"இதையும் போடுங்க. கல்யாணத்துக்கு உங்க வூட்ல போட்டது."

"ஏய், வுடு."

"போடுங்கன்றேன்ல!"

போட்டார். வகுத்ததில் ஆறுதான் வந்தது.

"கதவு இடுக்குல மாட்டி நசுங்குனப்பவே உள்ள இருக்குற அரக்கப் பாத்துட்டேன். யார்கிட்டயாச்சும் வாயத் தொறந்தனா?"

அப்படிப் போடு என்று மனசுக்குள் துள்ளினேன். அப்போதுதான் அத்தையைப் பார்த்தேன், அக்காவின் மாமியார். கையில் சாம்பார் வாளியுடன் வாசற்படியில் நின்றாள். சற்று முன்பு என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவள் முகத்தில் தெரிந்தது. அக்காவுக்கு ஒரு நாளும் கடுஞ்சொல் சொல்லாத மனுஷி. என் பவிசுக்காக அவளையும் தண்ணீரில் தொங்கவிட்டாகிவிட்டது.

வாளியை வைத்துவிட்டு வந்தாள். ஈரக் காப்பை முந்தானையில் துடைத்துப் பிள்ளையின் கையில் போட்டாள்.

"அப்ப எங்களால அவ்ளோதான் முடிஞ்சுது, தம்பி" என்றாள் என்னிடம்.

எனக்கும் அவ்வளவுதான் முடிந்தது அத்தை என்று சொல்லியிருக்கலாம்.

"வா, சாப்புடு" என்று இலை போட்டு அவளே பரிமாறினாள். நான் தலையைத் தூக்காமல் தின்றேன்.