கூலன்ட் தொட்டியில் பட்டுச் சாயம்

ஒரு காலத்தில் எல்லப்பனுக்கு வாய் திறப்பதற்கு முன்னால் கை எழுந்துவிடும். களம்பூர் அரிசி மில்லில் மூட்டை தூக்கிய வயதில், எடை போடுகிறவன் சாதியைச் சொல்லித் திட்டினான் என்று அவனுடைய முன்பல் இரண்டைப் பெயர்த்துவிட்டு, அன்றைக்கே வேலையையும் விட்டவன். பிறகு லாரிக்குக் கிளீனராகப் போனான். அங்கே டிரைவர் ஜாக்கி ராடால் முதுகில் ஒன்று போட்டார். இவன் அதே ராடைப் பிடுங்கி இரண்டு போட்டான். எந்தப் பள்ளிக்கூடத்தில் மெக்கானிக் வேலை படித்தான் என்று கேட்காதீர்கள். அடி வாங்கியும் கொடுத்தும்தான் படித்தான்.

ஆரணியிலிருந்து களம்பூர் போகிற சாலையில் சொந்தமாக ஷெட் போட்ட பிறகுதான் அந்தக் கை அடங்கியது. பத்து வருஷமாக அவன் யாரையும் தொட்டதில்லை. பெரிய ஞானமெல்லாம் இல்லை, வண்டிக்காரனை அடித்தால் வண்டி வராது, அவ்வளவுதான். இடது கையில் இரண்டு விரலை ஏதோ ஒரு லாரியின் ஃபேன் பெல்ட் எப்போதோ தின்றுவிட்டிருந்தது. வலது கையை வைத்துத்தான் அவன், மனைவி சங்கீதா, இரண்டு பெண் பிள்ளைகள் என்று நாலு வயிறு நிறைந்தது.

போன வைகாசியில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு அந்தக் கைக்கே ஆபத்து வந்தது.

பட்டு முதலாளி ராஜவேலுவின் பெரிய காரை, டிரைவர் பிரபாகரன் ஸ்டீயரிங் பிடிக்க, நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டார்கள். பானெட்டின் இரண்டு பக்கமும் ஆவி பீறிட்டது. அடியில் பச்சைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. முதலாளி இறங்கியதும் எல்லப்பன் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டார். எல்லப்பனுக்கு உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

"திருட்டு நாயே! என் வேட்டியப் பார்ரா!" என்று கத்தினார்.

வழியில் வண்டி சூடேறி நின்றதும் பானெட்டைத் தூக்கியிருக்கிறார். இன்ஜினைக் குளிர வைக்கும் பச்சைத் திரவமான கூலன்ட்டின் தொட்டி கொதித்துப் பொங்கி அவர் பட்டு வேட்டியில் தெறித்திருக்கிறது. தொடை முழுக்கத் திட்டுத் திட்டாகப் பச்சை.

"கூலன்ட்டுனா தண்ணி ஊத்தினா போயிடும்டா. இது போகல. சாயத்துலயே பொறந்து வளர்ந்தவன் நான். எனக்கே சாயத்தண்ணி ஊத்தி காசு வாங்கிக்கினியா?"

 மூன்று வாரத்துக்கு முன்னால் இந்த வண்டி இதே இடத்துக்கு வந்தது உண்மை. டேஷ்போர்டில் கூலன்ட் குறைவு விளக்கு எரிகிறது என்றார்கள். ரப்பர் ஹோஸ் விரிசல் விட்டிருந்தது. எல்லப்பன் மாற்றினான். முத்திரை உடைக்காத கேனை அவர் கண் முன்னால் திறந்து ஊற்றினான். வாட்டர் பம்பும் கசிகிறது, மாற்றாவிட்டால் விளக்கு மறுபடி எரியும் என்று சொன்னான். முகூர்த்த சீசனில் வண்டியை இரண்டு நாள் நிறுத்த முடியாது, போடா என்று போனவர் இதே மனுஷன்தான்!

"மொதலாளி, பம்ப மாத்தச் சொன்னேன் இல்ல..."

பேச்சு முடியவில்லை. கூட வந்த தடியன்கள் இருவர் அவனை வண்டியின் மேல் சாய்த்து அழுத்தினார்கள். ஒருவன் விலாவில் முட்டியால் இடித்தான். எல்லப்பன் திமிறியிருந்தால் அவர்களில் ஒருவனாவது படுத்திருப்பான். திமிறவில்லை.

"நீ யோக்கியன்னா சத்தியம் பண்ணு. வாயால இல்ல. இந்தக் கையால ரேடியேட்டர் மூடியத் தொற," என்றார் ராஜவேலு.

எதிரே டீக்கடையில் நின்றவர்கள் டீயை மறந்தார்கள். கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். உள்ளே அடைபட்ட ஆவியும் தண்ணீரும் ஒரே பாய்ச்சலாக வரும். தோல் கையுறை மாதிரி உரிந்துவிடும். அப்புறம் ஸ்பானர் பிடிப்பது எங்கே, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது எங்கே? தடியன்கள் அவன் மணிக்கட்டைப் பிடித்து மூடியை நோக்கி இழுத்தார்கள். ஒரு சாண் தூரத்திலேயே உள்ளங்கை காந்தியது.  அத்தனை அடிதடி பார்த்த எல்லப்பன், அம்மா என்று கத்தியேவிட்டான்.

கத்திக்கொண்டே கீழே சொட்டுகிற பச்சையைப் பார்த்தான். டிக்கி திறந்திருந்தது. அதில் நெசவாளர் வீடுகளுக்குக் கொண்டுபோகிற சுருட்டிக் கட்டிய பட்டு நூல் கழிகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. வெள்ளைக் கழியும் இருந்தது, சாயம் போட்டதும் இருந்தது.

"மொதலாளி! சாயம்தான். ஒத்துக்கறேன். ஆனா யாரு சாயம்? அதப் பார்த்துட்டு அப்புறம் கையப் பொசுக்குங்க!"

ராஜவேலுவுக்கு என்ன கோபமிருந்தாலும், சாயம் என்று சொன்னால் காது திறக்கும். கையைக் காட்டித் தடியன்களை நிறுத்தினார். எல்லப்பன் ஒரு தகரத் தட்டைச் சொட்டுத் தண்ணீருக்கு அடியில் தள்ளினான். கை தொட முடியாத சூட்டில் தட்டு நிறைந்தது. அதில் ஒரு வெள்ளைப் பட்டுக் கழியைக் குச்சியால் முக்கினான். பட்டு சூட்டில் சாயம் குடிக்கும் என்பது ஆரணியில் குழந்தைக்கும் தெரியும். கொஞ்ச நேரத்தில் தூக்கினான், குழாயில் அலசினான். பச்சை அப்படியே நின்றது. அதைக் கொண்டுபோய் டிக்கியில் இருந்த பச்சைக் கழியின் பக்கத்தில் வைத்தான்.

இரண்டும் ஒரே பச்சை. சாதாரணப் பச்சை அல்ல. பெண் வீட்டார் ஒருவர் தன் செல்போன் உறையைக் கழற்றிக் கொடுத்து, கல்யாணச் சேலை பார்டர் இதே நிறத்தில் வேண்டும் என்று அடம்பிடித்ததால், ராஜவேலுவே தன் சாயப்பட்டறையில் நின்று நாலு முறை கலந்து பிடித்த பச்சை. ஊரில் வேறு எந்தப் பட்டறையிலும் அது கிடையாது.

"இந்தப் பச்சைய எப்ப கலந்தீங்க?" என்று எல்லப்பன் கேட்டான்.

"பத்து நாள் ஆச்சு," என்றார் ராஜவேலு. குரல் இறங்கியிருந்தது.

"நான் கூலன்ட் ஊத்தி மூணு வாரம் ஆச்சு மொதலாளி."

அப்போதுதான் எல்லோரும் டிரைவர் பிரபாகரனைத் தேடினார்கள். நாற்பது வயது ஆள், கார்க் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றான்.  தன் கை தப்பியது என்று மூச்சு விட்ட எல்லப்பன், யாரைக் காட்டிக் கொடுத்திருக்கிறோம் என்று அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் யோசித்தான்.

"நீங்கதானே மொதலாளி சொன்னீங்க," என்று பிரபாகரன் அழுதான். "இன்னொரு வாட்டி அந்த லைட் எரிஞ்சா தோல உரிச்சுடுவேன்னு. தொட்டியில கூலன்ட்டு தினம் எறங்கிகினே இருந்துச்சு. வெறுந்தண்ணி ஊத்துனா நீங்க பானெட்டத் தூக்கி பச்சையா இருக்குதான்னு பார்க்கறீங்க. பட்டறையில மீந்த சாயத்தண்ணிய எடுத்து ஊத்திட்டேன். விளக்கு அணைஞ்சிடுச்சு. புதுக் கேனு வாங்க உங்ககிட்ட காசு கேக்கவும் பயம், மொதலாளி. பயத்துல பண்ணிட்டேன்."

நாலு பேர் பார்க்க அவமானப்பட்ட பெரிய மனுஷனுக்கு அந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது? பிரபாகரன் அடிவயிற்றில் செருப்புக் காலால் எட்டி உதைத்தார். விழுந்தவனைச் சட்டையோடு தூக்கினார். அவன் கையை மூடியின் மேல் வைத்து, தன் மேல்துண்டை அதன் மேல் போட்டுப் பிடித்துத் தானே திருக ஆரம்பித்தார். மூடி கால் சுற்று நகர்ந்ததும் புஸ்ஸென்று சீறியது. பிரபாகரன் அலறினான்.

எல்லப்பன் அடித்தான். பத்து வருஷம் சேர்ந்த அடி ஐயா அது! காதுக்குக் கீழே, தாடை திரும்ப, ஒரே அடி. ராஜவேலு துண்டோடு பின்னால் போய் டயர் குவியலில் விழுந்தார். எல்லப்பன் பிரபாகரனைக் காலால் தள்ளிவிட்டு, சாக்கை மடித்து மூடியின் மேல் போட்டு இறுக்கி மூடினான். அதற்குள் தடியன்கள் வீல் ஸ்பானரை எடுத்துவிட்டார்கள். முதல் அடி தோளில். இரண்டாவது அடி வலது மணிக்கட்டில். எலும்பு முறிந்த சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டது. டீக்கடைக்காரர் விறகுக் கட்டையோடு ஓடி வந்த பிறகுதான் அவர்கள் முதலாளியைத் தாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். பிரபாகரன்தான் எல்லப்பனை ஷேர் ஆட்டோவில் அள்ளிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

சங்கீதா தலைவிரி கோலமாக ஓடி வந்தபோது மாவுக்கட்டு போட்டு முடித்திருந்தார்கள். மூன்று மாசம் அசைக்கக் கூடாது, அப்புறமும் பழைய பிடி வருமா என்று தெரியாது என்றார் டாக்டர். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்யா, பழிதான் போயிடுச்சே, கைதான் தப்பிச்சுதே. கம்முனு நிக்கறதுக்கு இன்னா? உனுக்கு இன்னா வந்துச்சு?"

"நான் காட்டிக் குடுத்ததாலதாண்டி அவன் கையப் புடிச்சாரு. என் கைய மட்டும் காப்பாத்திகினு, அவன் கைய வேக உட்டுட்டு, வூட்டுக்கு வந்து எப்பிடி சோறு துன்றது?"

 சங்கீதா சுவரோரம் நின்ற பிரபாகரனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் உள்ளங்கை சிவந்து நாலு கொப்புளம் கண்டிருந்தது, விரல் பத்தும் முழுசாக இருந்தன. அவன் அவளைப் பார்த்துக் கும்பிட்டான்.

"எத்தினி அடி அடிச்ச அந்தாள?" என்று புருஷனைக் கேட்டாள்.

"ஒண்ணு."

"ஒண்ணுதானா?" என்றாள் சங்கீதா.