ஞானமுத்துவும் ‘லெட்’ என்ற சொல்லும்

போன செவ்வாய்க்கிழமை வித்துராவிலிருந்து ஞானமுத்துவின் மகள் எழுதிய கார்டு வந்தது. “அப்பா ஞாயிற்றுக்கிழமை காலமாகிவிட்டார்கள். உங்களுக்கும் எழுதச் சொல்லியிருந்தார்கள்.” கோட்டைக்குள் இருந்த அந்த வக்கீல் ஆபீஸில் எங்களோடு வேலை பார்த்தவர்கள் சிலர் இதை வாசிக்கக்கூடும். அவரைப் பற்றி நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு விஷயம் பொய்.

இங்கிலீஷ் பத்திரங்களைத் தமிழாக்கும் குமாஸ்தாக்கள் நாங்கள் இருவர். நான் கரமனைக்காரன், பி.ஏ. அவர் கல்குளம் பக்கத்து மிஷன் பள்ளியில் மெட்ரிகுலேஷனோடு நின்றவர். “சின்ன வார்த்தைக்குத்தான் சார் பயப்படணும். பெரிசு தன்னைத் தானே காட்டிக் குடுத்திரும்” என்பார்.

சாலைக் கடைத்தெரு வியாபாரி ஒருவர் வித்துராவில் ஒரு துரையிடம் தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்தார். குத்தகைக்காரர் நிலத்தை ‘வித்தவுட் லெட்’ அனுபவிக்கலாம் என்று பத்திரத்தில் ஒரு வரி. ‘தடையின்றி’ என்று எழுதியிருந்தார் ஞானமுத்து. அறையில் நாங்கள் இருவர் மட்டும். நான் சிரித்தேன்.

“ஓய், வீட்டு வாசலில் ‘டு லெட்’ போர்டு பார்த்ததில்லையா? ‘உள்குத்தகைக்கு விடாமல்’ என்று மாற்றும்.”

“இல்லை சார். சபையிலே வாசிக்கிற பழைய இங்கிலீஷ் பைபிளிலே லெட்டுன்னா தடுக்கறது.”

“இது பத்திரம், பிரசங்கம் இல்லை.”

அவர் முகம் சுருங்கியது. நான் சொன்னபடியே சுத்தப் பிரதி எழுதினார்.

அதை வாசித்த வியாபாரி, அதுவும் உள்குத்தகையாகிவிடுமோ என்று பயந்து, தோட்டத்தின் ஒரு மூலையில் பயிர் செய்துகொண்டிருந்த தன் விதவைத் தங்கையைப் பிள்ளைகளோடு காலி செய்யச் சொல்லிவிட்டார். சில மாதம் கழித்து, அப்படி ஒரு நிபந்தனையே இல்லை என்று துரை சொன்னதும், ஆபீஸுக்கு வந்து மேஜையில் அறைந்தார். “கூடப் பிறந்தவளைத் தெருவிலே விட்டுட்டேனே ஐயா!”

வக்கீல் பிரதியைத் தூக்கிக் காட்டினார். “யார் எழுத்து இது?”

ஞானமுத்து என்னைப் பார்த்தார். நான் மைக்கூட்டைப் பார்த்தேன்.

“என் எழுத்துதான் சார்.”

அன்றே அவருக்கு வேலை போயிற்று. இங்கிலீஷ் தெரியாதவர் என்ற பெயர் மட்டும் ஆபீஸில் தங்கியது. அந்தப் பேச்சுக்கு நானும் தலையாட்டியிருக்கிறேன்.

சில வருஷம் கழித்து சாலைக் கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். வித்துராவில் வாத்தியாராக இருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

“சார்! துரை பங்களாவிலே பெரிய அகராதி ஒண்ணு பாத்தேன். லெட் ஒரு வார்த்தை இல்லை, ரெண்டு! ஒண்ணு விடுறது, மத்தது தடுக்கறது. பழங்காலத்திலே எழுத்தே வேற. தேஞ்சு தேஞ்சு ஒரே உருவாயிட்டு. தடுக்கிற லெட்டும் நாம சொல்லுற ‘லேட்’டும் ஒரே குடும்பமாம். நீங்க சொன்னதும் ஒரு லெட்டுதான் சார்.”

அந்தக் கடைசி வார்த்தையில் நான் கூசிப்போனேன். வியாபாரியின் தங்கையைப் பற்றிக் கேட்டேன்.

“அந்தம்மா திரும்ப வந்துட்டாங்க. பிள்ளையள் ரெண்டும் என் கிளாசுதான்.”

“அன்றைக்கு என் பெயரை ஏன் சொல்லவில்லை?”

“எழுதினது என் கைதானே சார்? தப்புன்னு தெரிஞ்சும் எழுதினேனே.”

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். “வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?” என்றுதான் கேட்டேன்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தப் பதில் ஒன்றுதான். தெரிந்தே எழுதியதற்காக அவர் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டார். தெரியாமல் எழுதச் சொன்ன நான் தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றேன்.

நண்பர்களே, அந்த மொழிபெயர்ப்பு என்னுடையது. ஞானமுத்து சரியாகத்தான் எழுதியிருந்தார்.