பெயர் ஒட்டிய பாட்டில்

பழனியம்மாவின் வீட்டுக்குப் பின்னால் சைனைட் மேடு. சுரங்கக்காரர்கள் சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டுக் கொட்டிய சாம்பல் மண். மாசிக் காற்று எழும்பினால் கூரை, துணி, சோறு என்று பார்க்காமல் இறங்கும். பழனியம்மா துடைப்பாள். நெஞ்சில் தூசி கட்டிக் கணவன் இறந்த வருடமும் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள். வாரத்தில் ஆறு நாள் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறி, பெங்களூரில் ஓர் ஆபீசின் தரையையும் துடைத்துவிட்டு வருவாள்.

சுரங்கத் தொழிலாளர் லைனில் இருபது வீட்டுக்கும் ஒரே போர் குழாய். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. பேத்தமங்களா ஏரித் தண்ணீர்க் குழாய் பக்கத்து லைனோடு நின்றுவிட்டது. அதை இங்கேயும் இழுக்க, போர் தண்ணீர் கெட்டது என்று எழுத்தில் வேண்டும் என்றார்கள் நகரசபையில். அதற்காகத்தான் ஓவியா வந்தாள், கல்லூரியில் சுற்றுச்சூழல் படிப்பவள். ஒரு பாட்டிலில் ‘பழனியம்மா வீடு’ என்று எழுதி ஒட்டினாள்.

“உங்க போர் தண்ணிய இதுல புடிச்சு வைங்க ஆண்டி, நான் மேட்டுல கொஞ்சம் மண்ணு எடுத்துட்டு வரேன்.”

பழனியம்மா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் பெயர். காலேஜில் பத்துப் பேர் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்தவர்களுக்கே கொடுக்காத தண்ணீரைப் பெயர் போட்டு எப்படி அனுப்புவது? கேனைச் சாய்த்து, கடையில் வாங்கிய தண்ணீரை நிரப்பினாள். அதற்குமேல் யோசிக்கவில்லை.

மூன்றாம் வாரம் ஓவியா கொண்டுவந்த தாளைப் பக்கத்து வீட்டு மனோகர்தான் படித்தார். சுரங்க ஷாஃப்ட்டில் இருபது வருடம் இறங்கியவர்.

“இன்னா பழனியம்மா, நம்ம போர்ல பன்னீரா வருது? குடிக்கத் தகுந்ததுன்னு போட்டுக்கிறான்!”

“எனக்கும் ஆச்சரியம்தான் அங்கிள்” என்ற ஓவியா, தாகத்தில் வாசல் டிரம்மிலிருந்து ஒரு டம்ளர் மொண்டாள்.

பழனியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அது போர் தண்ணி, குடிக்காதம்மா. அன்னிக்கு பாட்டில்ல ஊத்தனது கேன் தண்ணி.”

ஓவியா டம்ளரைக் கீழே வைத்தாள்.

“இன்னாத்துக்கும்மா அப்டி பண்ண?” என்றார் மனோகர்.

“எம்பேரு போட்டிருந்துச்சே.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“மறுபடி டெஸ்ட் பண்ணலாம் ஆண்டி. ஆனா இந்த ரிப்போர்ட்ட எங்க சார் காலையிலயே நகரசபைக்கு அனுப்பிட்டாரு.”

“ரெண்டு ரிப்போர்ட்டுல எத நம்புவாங்க பாப்பா?” என்றார் மனோகர்.



ஓவியா பையிலிருந்து வேறு பாட்டிலை எடுத்து நீட்டினாள். பழனியம்மா அதைப் போர் குழாயின் அடியில் பிடித்தாள். நிரம்பி வழிந்தது. கையை எடுக்கத் தோன்றாமல் அப்படியே நின்றாள்.