நூலை அறுத்தது யார்

இளவரசிக்கு வாய்த்தவை இரண்டு கோர்ட்டுகள். முதலாவது தெருச் சபை. நாலு தெரு நெசவுக்காரர்களுக்குள் கல்யாணமோ சண்டையோ எதுவானாலும் அங்கேதான் தீர்ப்பு. ஐந்தாவது தெருவில் அதன் பேச்சு செல்லாது. முதல் புருஷன் தினகரனோடு ஒத்துவராமல் போனபோது சபைதான் பிரித்துவிட்டது. எல்லார் முன்னாலும் புருஷன் ஒரு பட்டு நூலை அறுக்க வேண்டும், அவ்வளவுதான். எழுத்து, கையெழுத்து எதுவும் கிடையாது.

பிறகு மயில்வாகனத்தைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதர். போன மாசியில் போய்ச் சேர்ந்தார். அவளுக்கு அழுகை வரவில்லை. "கல்லாட்டம் குந்திக்கினு இருக்குது" என்றார்கள் பக்கத்து வீட்டில். காதில் விழுந்தது, விழுந்ததோடு சரி.

காரியம் முடிந்த கையோடு மயில்வாகனத்தின் தம்பி, முதல் புருஷனை முறையாகத் தீர்க்காத இவள் எங்கள் அண்ணன் பெண்டாட்டியே இல்லை, வீட்டைக் காலி செய்யட்டும் என்றார். விவகாரம் சிவில் கோர்ட்டுக்குப் போனது. அதற்குத் தாலுகா முழுக்க எல்லை. சபை பிரித்ததையும் கோர்ட்டு ஏற்கும், வழக்கப்படி நடந்ததென்று நிரூபித்தால் போதும் என்றாள் வக்கீல் பிரவீனா.

சாட்சிக்குத் தினகரனே வந்தார். "நான்தான் அறுத்தேன்னு சொல்லிடறேன். நீயும் அப்பிடியே சொல்லிடு, இளவரசி" என்றார். பாவம், நல்ல மனசோடுதான் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

கூண்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்த நூலை யாரும்மா அறுத்தது?"

"நான்தாங்க. அவருக்குக் கையி நடுங்கிக்கினு இருந்துது. முறுக்குன பட்டு, வெறுங்கையில அறாது. நான் வாங்கிப் பல்லால கடிச்சுட்டேன்."

பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே, அதுகூட அவளிடம் மிச்சமில்லை. சபையில் அன்று சிரித்துவிட்டு எழுந்து போனார்கள். இங்கே யாரும் சிரிக்கவில்லை. பின்னால் தினகரன் கூண்டில் ஏறி என்ன சொல்லியும் எடுபடவில்லை. புருஷன் அறுக்காததால் வழக்கப்படி விவாகம் முறியவில்லை என்று தீர்ப்பாயிற்று.

வராந்தாவில் பிரவீனா பொறுமையாக விளக்கினாள். "அப்பீல் போகலாம்மா. மேல்கோர்ட்டு மாத்தலாம். ஆனா இப்போதைக்கு, சட்டப்படி நீங்க தினகரன் சாரோட ஒய்ஃப்தான்."

தினகரன் தூணோரம் தலைகுனிந்து நின்றார். இளவரசி அவரைப் பார்த்தாள். அவள் கை வெறும் கழுத்துக்குப் போனது.

"அவருதான் உசுரோட நிக்கிறாரேம்மா. அப்போ மாசியில நான் தாலி அறுத்தது யாருக்கு?"