நிலைப்படியைத் தோண்டிய கதையும் அவர் நடந்த கதையும்

அன்பானவர்களே, என் வீட்டுக்காரர் சூசைக்கு வந்தது பார்க்கின்சன் என்கிற நடுக்க வியாதி. கை நடுங்குவதை எப்படியோ சமாளித்தோம். கால்தான் எங்களைப் படுத்தி எடுத்தது. நடந்துகொண்டே இருப்பார், வாசல் வந்ததும் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடுவார். இழுத்தாலும் வரமாட்டார், தள்ளினால் விழுவார்.

அது தொண்ணூறுகளின் கடைசி, யுத்தக் காலம். மாத்தளையிலிருந்து கண்டி கிளினிக்குக்குப் போகும் வழியில் பஸ்ஸை நிறுத்தி, எல்லாரையும் இறக்கி, நடக்கவைத்துச் சோதிப்பார்கள். ஒருநாள் செக் பொயின்ட்டில், இரண்டு தகரப் பீப்பாய்களுக்கு நடுவில் அவருக்குக் கால் ஒட்டிக்கொண்டது. ஆமிக்காரர் "யன்ன! யன்ன!" என்று கத்தினார். போகச் சொல்கிறார், இவரால் முடியவில்லை. சட்டைப் பைக்குள் கை வேறு நடுங்குகிறது. ஆமிக்காரரின் துவக்கு எங்களைச் சுடக் குறிபார்த்து நிமிர்ந்தது. நான் குறுக்கே பாய்ந்து, தெரிந்த சிங்களத்தையெல்லாம் கொட்டி, கிளினிக் துண்டுச் சீட்டைக் காட்டி இழுத்துப் போனேன். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"இனிமே நான் வரமாட்டேன் ரீட்டா. சுட்டுட்டாங்கன்னா என்ன பண்ணுவ?" என்றார் அவர்.

அதற்குப் பிறகு வீட்டைவிட்டு இறங்கவே இல்லை. டொக்டர் ஆளைப் பார்க்காமல் மருந்தை மாற்றமாட்டார். இருந்த மருந்தோ முன்போல வேலை செய்யவில்லை. மலைப்பாதையில் லொறி ஓட்டிய மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். "ஆண்டவரே, ஓடவைக்கச் சொல்லவில்லை. அந்தப் பீப்பாய்களைத் தாண்ட எத்தனை அடியோ, அத்தனை அடி கொடும்" என்று தினமும் அழுதேன். வஹகோட்டைக் கோயில் அந்தோனியாரிடம் சண்டையே பிடித்தேன்.

எங்கள் ஜெபக்குழுவின் பிலோமினாக்கா வந்து பார்த்தார். "வாசல்ல மட்டும் நிக்கிறாருன்னா, வாசல்லதான் எதையோ பொதச்சிருக்காங்க. செய்வினைதான் புள்ள" என்றார். ஜெபமாலை சொல்லும் வாயால் இதை எப்படி நம்பினாய் என்று கேட்காதீர்கள். நம்பினேன். நிலைப்படியை உடைத்து முழங்கால் ஆழம் தோண்டினோம். ஒரு கோழி எலும்பு கிடைத்தது. "பாத்தியா!" என்றார் அக்கா. நாங்கள் தின்ற கோழியாகவும் இருக்கலாமே என்று தோன்றியது.

குழியின் மேல் நான்கு பலகைகளைக் குறுக்கே, கொஞ்சம் இடைவெளி விட்டுப் போட்டோம். மறுநாள் காலையில் சூசை வாசலுக்கு வந்தார். பலகைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாகக் கால் வைத்து வெளியே போய்விட்டார்! அக்கா அல்லேலூயா பாடினார். எனக்கும் கண்ணீர் வந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அடுப்படி வாசலில் அதே மனிதர் மறுபடி ஒட்டிக்கொண்டார். "அங்கயும் தோண்டுவோம்" என்றார் அக்கா.

எனக்கு எதையும் குடைந்து பார்க்கிற புத்தி உண்டு. மண்வெட்டியை ஒளித்துவைத்துவிட்டு யோசித்தேன். முன்வாசலில் இருப்பது என்ன, இங்கே இல்லாதது என்ன? பலகை! விளக்குமாற்றை அவர் காலுக்கு முன்னால் குறுக்கே போட்டேன். தாண்டினார். அதை எடுத்துவிட்டுத் திரும்பி வரச் சொன்னேன். நின்றார். வெண்கட்டியால் குறுக்கே கோடு போட்டேன். தாண்டினார்! நீளவாக்கில் போட்டேன். அசையவில்லை. சோறு ஆக்க மறந்து சோதித்துக்கொண்டிருந்தேன். "என்னய என்ன எலின்னு நெனச்சியா?" என்று சிரித்தார். அவர் சிரித்துப் பல மாதமாகியிருந்தது.

நான் மட்டும் பஸ் ஏறி, கிளினிக்கில் பயிற்சி கொடுக்கும் மிஸ்ஸிடம் போய்க் கேட்டேன். சில நோயாளிகளுக்குத் தரையில் கோட்டைக் கண்டால் கால் எழும்பும் என்றார். "வெளையாட்டா செய்ங்க, அப்பத்தான் அலுக்காது" என்றும் சிங்களத்தில் சொன்னார்.

விளையாட்டென்றதும் எனக்குப் பாண்டிதான் ஞாபகம் வந்தது. கட்டம் கீறி, சில்லு எறிந்து, நொண்டிப் போவோமே, அதுதான். நொண்டுவதை விட்டோம், விழுந்தால் இடுப்பு போய்விடும். கட்டங்களைப் பெரிதாக்கினோம். ஓட்டுச் சில்லு நடுங்கும் விரலில் நிற்காது, அதனால் பழைய சொக்ஸில் பயறு கட்டிக் கொடுத்தேன். எறிந்த கட்டம் வரைக்கும் பெரிய பெரிய அடியாக வைக்க வேண்டும். நான் தோளருகில் நிற்பேன். பிலோமினாக்காவும் ஆடினார், அதிலும் கள்ள ஆட்டம். அவரைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்கென்றே சூசை தினமும் எழுந்து வந்தார்.

தவக்காலம் முழுக்க ஆடினோம். உயிர்ப்புத் திருநாள் முடிந்ததும் கிளினிக்குக்குப் புறப்பட்டோம். செக் பொயின்ட்டில் இறக்கினார்கள். பீப்பாய்க்குக் கிட்ட வந்ததும் கால் நின்றுவிட்டது. பையிலிருந்து வெண்கட்டியை எடுத்துக் குனிந்தேன். "மொகத கரன்னே?" என்று, என்ன செய்கிறாய் எனக் கேட்டுக்கொண்டே மீசை நரைத்த ஆமிக்காரர் ஒருவர் கிட்ட வந்தார். வியாதியைச் சொன்னேன், கோட்டைக் கண்டால் நடப்பார் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வெண்கட்டியை வாங்கி, அவரே குனிந்து, பீப்பாயைத் தாண்டும்வரை தார் ரோட்டில் கோடு கோடாகக் கீறினார். சூசை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனார். எண்ணினேன், பதினான்கு அடி. நான் கேட்டதை ஆண்டவர் அப்படியே கொடுத்துவிட்டார். பஸ்ஸில் ஏறியதும் விம்மி விம்மி அழுதேன்.

வியாதி போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் மருந்து மாறியது, பூசைக்கு வருகிறார். முன்பெல்லாம் ஜெபித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது கீழேயும் பார்க்கிறேன், ஆண்டவர் எங்கே எதைப் போட்டு வைத்திருக்கிறாரோ என்று.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் படுத்திருந்தால், ஆண்டவரை நம்பி எங்களிடம் கூட்டி வாருங்கள். ஞாயிறு பூசை முடிந்து எங்கள் வீட்டு முற்றத்தில் பாண்டி ஆடுகிறோம். எங்கள் வாசலில் அவருக்குக் கால் நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். சூசையே வந்து கோடு போடுவார். கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும், ஆனால் தாண்டலாம்.