பொதிகளை வாங்க மறுத்த கணினி

சண்டைக் காலத்தில் திருகோணமலைப் பட்டினத்தில், ஒரு நிவாரண அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துவந்தேன். கிளிவெட்டி முகாமிலிருந்த எங்கள் கிளை, அங்கே வந்து சேர்ந்தவர்களின் பெயர்ப் பட்டியலைத் தினமும் கம்பியில்லா இணைப்பில் அனுப்பும். அரிசி கொண்டுபோகும் எங்கள் வாகனம் வாரம் இருமுறை அங்கே போகும். பட்டியலில் பெயர் வந்தவர்களின் உறவினரை மட்டும் அதில் ஏற்றுவோம்.

எங்களுடையது கிழட்டுக் கணினி. இணைப்பில் தகவல் சிறுசிறு பொதிகளாகத்தான் வரும்; தேவையில்லாத பொதிகள் வந்து குவிந்தால் அப்படியே நின்றுவிடும். நான் சும்மா இருப்பேனா? நெட்வேர்க் கார்டை இயக்கும் டிரைவர் நிரலைத் திறந்து, பொதிகளை வாங்கும் இடத்திலேயே கை வைத்தேன். ஒவ்வொரு கார்டுக்கும் தனி இலக்கம் உண்டு. எங்கள் கிளைகளின் இலக்கங்களை மட்டும் எழுதி, மற்றப் பொதிகளை வந்த இடத்திலேயே எறியச் செய்தேன். எறிந்ததைக் குறித்துவைக்கும் வரிகளையும் அழித்தேன், டிஸ்கில் இடமில்லை என்று. அதன்பிறகு கணினி ஓடிய ஓட்டத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்துச் சல்லிக் கிராமத்திலிருந்து ஒரு பெண் தினமும் சைக்கிளில் வருவார். கருவாடு விற்கக் கிளிவெட்டிப் பக்கத்துத் தோப்பூருக்குப் போன கணவரைப் பற்றி, ஷெல்லடி தொடங்கியபின் ஒரு தகவலும் இல்லை.

"பேர் வந்திட்டுதோ தம்பி?"

"இன்னும் வரேல்லை அக்கா. அங்க ஜெனரேட்டருக்கு டீசல் இல்லைப் போல."

மூன்று நாள் இதே கதை. என் பக்கத்தில் பிழை இருக்கலாம் என்று ஒருதரமும் நினைக்கவில்லை. அவ்வளவு தலைக்கனம் எனக்கு.

மூன்றாம் நாள் காலை வாகனம் அரிசி மூட்டைகளோடு மட்டும் போனது. பின்னேரம் அதில் கிளிவெட்டிக் கிளைக்காரர் ஏறி வந்தார்.

"பேர் அனுப்பியும் ஏன் ஒருத்தரையும் ஏத்தி அனுப்பேல்லை?"

"பட்டியலே வரேல்லையே."

"கார்ட் எரிஞ்சு போச்சு, வேற ஒண்டு போட்டனாங்கள். அதிலதான் மூண்டு நாளா அனுப்பிறம்."

புதுக் கார்டின் இலக்கம் என் நிரலில் இல்லை. அவரிடம் கேட்டு அதைச் சேர்த்தேன். பதில் கிடைக்காமல் கிளிவெட்டிக் கணினியில் தேங்கிக் கிடந்த பட்டியல்கள் மளமளவென்று வந்தன. முதலாவதிலேயே சல்லி அக்காவின் கணவருடைய பெயர் இருந்தது. பக்கத்தில் குறிப்பு: வயிற்றில் காயம், மனைவிக்கு அறிவிக்கவும்.

"அவருக்கு இண்டைக்கு மத்தியானம், நான் வெளிக்கிட முந்தித்தான் சீவன் போனது," என்றார் கிளைக்காரர். "காலமை வாகனம் வந்த சத்தம் கேட்டு, மனுசி வந்திட்டாவோ எண்டு கேட்டவர்."

மறுநாள் அந்த அக்காவிடம் நானேதான் சொன்னேன், இறந்துவிட்டார் என்பதை மட்டும். கதிரையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். பிறகு என் முகத்தைப் பார்த்து, எனக்கு ஆறுதல் சொன்னார்.

"நீங்கள் என்ன செய்யிறது தம்பி. பேர் வந்திருந்தா சொல்லியிருப்பீங்கள்தானே."

"ஓம் அக்கா," என்றேன்.